அத்தை வெளுத்த மணிகள்

இன்ஜினியர் கண்ணாடிப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடியும் தூக்கினார். அடியில் தேன் போலக் கிளிசரின் இறங்கியிருக்க வேண்டும். அதன் மேல் வெளிர்மஞ்சளாகப் பயோடீசல் தெளிந்து நிற்க வேண்டும். இரண்டும் இல்லை. ஊற்றிய பழைய எண்ணெய் ஊற்றியபடியே இருந்தது. அதன் மேல் மெத்தனால் ஒட்டாமல் மிதந்தது.

"குழல்ல இருக்கிற மணியை யாராவது தொட்டீங்களா?"

"நான்தான் சார் கழுவினேன்," என்றாள் அத்தை. பாராட்டை எதிர்பார்க்கிற குரல். "எப்படி வெளுத்திருக்கு பாருங்க. நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்களேன்னு."

"எதுல கழுவினீங்க?"

"கொதிக்கிற தண்ணில. நல்ல சோப்புத்தூள் போட்டு."

எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்த வேன்காரர் பாதி வழியில் நின்றுவிட்டார். நான் எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடிவைத்தேன்.

எங்கள் கொட்டகையின் உயிரே அந்த மணிகளில்தான் இருந்தது. கடுகளவு மணிகள். அவற்றின் மேல் லிப்பேஸ் என்ற நொதியை ஒட்டவைத்திருப்பார்கள். உயரமான கண்ணாடிக் குழலில் அவற்றை நிரப்பி, எண்ணெயும் மெத்தனாலும் கலந்து மெல்ல மெல்ல இறக்கினால், நொதி எண்ணெயைப் பிரித்து வண்டிக்கு ஊற்றுகிற எரிபொருளாக்கிவிடும். உணவகங்கள் கொட்டுகிற பழைய எண்ணெயில் தினமும் இதைச் செய்துகொண்டிருந்தோம். கொல்லையில் பச்சைத் தண்ணீர் நிறைந்த தொட்டிகளும் இருந்தன. அவற்றில் வளர்ந்த நுண்பாசியிலிருந்து மாதக்கணக்கில் பிழிந்தெடுத்தது ஒரே ஒரு புட்டி எண்ணெய். நாளை வருகிறவர்கள் கொட்டகைக்குப் பணம் போட்டவர்கள். அவர்கள் கண்முன் அது எரிபொருளாக மாற வேண்டும். மாறாவிட்டால் கொட்டகையை மூடிவிடுவார்கள். புது மணி கடல் தாண்டி வர வேண்டும்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பார்கள். ஆனால் எனக்கு அங்கே ஆய்வக வேலை காலியாக இருப்பதைச் சொன்னதே அத்தைதான்.

அதற்கு முன் அவள் ஓர் உணவகத்தின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மகளுக்குச் சோறு ஊட்டப் போனபோது, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அம்மா, கை நாறுது." அன்றிலிருந்து அத்தை கழுவ ஆரம்பித்தாள். கையை, கதவை, சுவரை, சுவிட்சை. மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகும் நிற்கவில்லை. "உங்க அத்தை வீட்டுல பல்லிகூட கால் கழுவிட்டுத்தான் சுவரேறும்" என்று வேன்காரர் கிண்டல் செய்வார்.

கொட்டகையில் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். பிறகு குழல்களை நிரப்பக் கற்றுக்கொண்டாள். 'ஆபரேட்டர்' என்று நெஞ்சில் தைத்த நீலச் சட்டை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை மகளுக்கு அனுப்பிவிட்டு, "உன் அம்மா இப்ப மெஷின் ஓட்டுறா" என்று போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது. அந்தச் சட்டையும் தினமும் வெளுப்புக்குப் போகும்.

மணிகளைக் கழுவும் வேலை மட்டும் இன்ஜினியருடையது. ஒரு கரைப்பானில் அலசி எடுப்பார். அலசிய பிறகும் அவை பழுப்பாகவே திரும்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தைக்கு உள்ளங்கை அரிக்கும். "படிச்ச மனுஷன், கழுவத் தெரியலையே" என்று என் காதில் சொல்வாள்.

"சோப்புத்தூள் போடலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?" இன்ஜினியர் கேட்டார்.

"நீங்கதானே சார்."

"நானா?"

"யார் வந்தாலும் சொல்வீங்களே. 'நொதின்னா பயப்படாதீங்க, உங்க வீட்டுச் சோப்புத்தூள்ல இருக்கிறதுதான்'னு. சோப்புத்தூள்லயே இருக்கிறது சோப்புத்தூள் பட்டா சாகுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுல ரத்தக்கறையைத் தின்கிற நொதியும் இருக்கும்மா. கறையில இருக்கிற புரதத்தை அரிக்கிறது அதோட வேலை. நம்ம மணியில இருக்கிறதும் புரதம்தான். கொதிக்கிற தண்ணி பாதியைக் கொன்னுச்சு. மிச்சத்தை அது தின்னுடுச்சு."

"ஒரு நொதி இன்னொரு நொதியைத் தின்னுமா?" அத்தை என்னைத்தான் பார்த்தாள். இந்த ஆள் சொல்வதெல்லாம் மெய்தானா என்று கேட்கிற பார்வை.

நான் தலையாட்டினேன். நொதி என்பது புரதம் என்று எத்தனை தேர்வில் எழுதியிருக்கிறேன்! அந்த வரி வாளியும் வெந்நீருமாக இப்படி எதிரே வந்து நிற்கும் என்று தோன்றியதே இல்லை. அத்தையின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று அப்போதும் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்ததை வைத்து நான் யோசித்திருந்தால், நானும் வெந்நீர்தான் போட்டிருப்பேனோ?

அத்தை நீலச் சட்டையின் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"போயிடறேன் சார். நீங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போறது மரியாதை." அடுத்த பித்தானைக் கழற்றினாள். "இன்னொரு தப்பும் பண்ணிட்டேன், சொல்லிடறேன். அந்த மூலையில இருக்கிற சின்னக் குழலைக் கழுவவே இல்லை. இடுப்பு வலி, முடியலை. அது அப்படியே அழுக்கா கிடக்கு. மன்னிச்சுக்குங்க."

இன்ஜினியர் நாற்காலி கவிழ எழுந்தார்.

உடைந்த மூடியோடு மூலையில் சாத்தியிருந்த குழல் அது. திரும்பத் திரும்ப ஓட்டிக் கறுத்துப்போன மணிகள். தூக்கிப் போடுவதற்காக ஒதுக்கியவை. ஆனால் சோப்புத்தூள் படாததால், மிச்ச நொதி அவற்றில் உயிரோடு இருக்கும். அவர் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்தார். அலசினார். பாசி எண்ணெய்ப் புட்டியைத் திறந்து குழலில் ஊற்றினார். மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மொத்தமாக ஊற்றினால் இருக்கிற நொதியும் போய்விடும். அந்த வேகத்துக்கு நாங்கள் மூச்சைக்கூட அளந்து விட்டோம். அத்தை பாதி கழற்றிய சட்டையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். யாரும் சாப்பிடப் போகவில்லை.

சாயங்காலம் புட்டியின் அடியில் ஒரு கனத்த துளி இறங்கியது. அப்புறம் இன்னொன்று. மேலே பச்சையும் கறுப்புமாக எரிபொருள் பிரிந்து நின்றது.

"அட, அழுக்கு வேலை செய்யுது!" என்றார் வேன்காரர்.

அத்தை சிரிக்கவில்லை. புட்டியையே பார்த்தாள். வாழ்நாளெல்லாம் தேய்த்துத் தேய்த்து விரட்டிய ஒன்று எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு தன்னைக் காப்பாற்றிவிட்டதை அவளால் நம்ப முடியவில்லை. தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"சட்டையைப் போடுங்கம்மா," என்றார் இன்ஜினியர். "நாளைக்கு அவங்க வரும்போது நீங்க குழல் பக்கத்துல நிக்கணும். சோப்புத்தூள் கதையை இனிமே நான் சொல்லமாட்டேன்."

அத்தை பித்தான்களைப் போட்டாள். குழலருகே போனாள். கைகள் தாமாக எழுந்தன. சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சார்," என்றாள் மெதுவாக, "வெளிப்பக்கக் கண்ணாடியை மட்டும் தொடச்சுக்கட்டுமா?"