கெளுத்தி முள்ளும் கிதாரும்

என் வீட்டுக்காரரின் இடது கையில் கெளுத்தி முள் குத்தியது ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு. ஏரியில் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது நடுவிரலில் ஏறியிருக்கிறது. முள் குத்தாத மீனவர் எங்கள் கோட்டைக்குப்பத்தில் கிடையாது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் படகேறிவிட்டார். அவருக்குச் சர்க்கரை இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் கிதார் வாசிப்பார். அது கடைகளில் தொங்குகிற கிதார் மாதிரி இருக்காது. மேல்பலகை வயலின்போல மேடாக வளைந்திருக்கும். நடுவில் வட்ட ஓட்டை இல்லாமல் இரண்டு பக்கமும் எஃப் எழுத்து மாதிரி வெட்டியிருக்கும். அவருடைய அப்பா சென்னையில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செய்தது என்று சொன்னார்களாம். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்.

ஒரு வாரத்தில் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. "பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றேன்.

"அட்மிட் பண்ணிட்டா ஈஸ்டருக்கு இன்னா பண்றது? முடியட்டும் மே."

"சரி, முடிஞ்ச மறுநாளே போயிடணும்" என்றேன். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

ஈஸ்டர் பூசையில் அந்த விரலை மடக்காமல், மற்ற விரல்களால் கம்பியை அழுத்தி வாசித்தார். வேர்வையில் சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. மறுநாள் பொன்னேரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகல் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள், கிதாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க வா மே. நீ அமுக்கு, நான் தட்றேன்."

இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். எந்தக் கம்பியில் எந்த விரல் என்று மோவாயால் காட்டினார். "அது இல்ல, மேல. அதுக்கும் மேல!" ஒரு தடவை சரியாக விழுந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதிலிருந்து தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். என் விரல் நுனிகள் கொப்பளித்தன. ஆனால் ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்கு நான் போய்ச் சேர்வதற்குள் பாட்டு அறுந்துவிடும். அவர் கை அந்தரத்தில் காத்திருக்கும். நாளுக்கு நாள் அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது.

ஒருநாள் "போதும்" என்று சொல்லிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அந்தக் கிதாரில் கம்பிகளைத் தாங்கும் கட்டையை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் இறுக்கத்தில்தான் அது நிற்கும். கடைசிக் கம்பியும் தளர்ந்ததும் கட்டை சரிந்து தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

"உடு" என்றார்.

இப்போது கோயிலில் கீபோர்டு வைத்துப் பாடுகிறார்கள். அவர் பூசைக்கு வருவதில்லை. படகுத்துறையில் மற்றவர்கள் பிடித்து வரும் இறாலைத் தரம் பிரித்துப் போடுகிறார். போன வாரம் சோறு போடும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கே உங்கள ஆஸ்பத்திரிக்கு இஸ்துனு போயிருக்கணும், இல்ல?"

"நீ இஸ்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்" என்றார், தட்டைப் பார்த்தபடி.

எனக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா என்று தெரியவில்லை. குழம்பை ஊற்றினேன். சாப்பிட்டார்.