எட்டு டன் துணிக்கு நாற்பத்திரண்டு வண்டி

என் அம்மா ஒரு சலவை ஆலையில் பாய்லர் இயக்கினாள். முப்பத்தொரு வருடம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அனுப்பும் ஆலை. துவைக்கும் தண்ணீரைச் சூடாக்குவது, டிரையரைச் சுழலும்போது சூடாக வைப்பது, இஸ்திரி உருளையைக் காய்ச்சுவது எல்லாமே நீராவி. அந்த நீராவி கரி எரிக்கும் இரண்டு பாய்லர்களிலிருந்து வரும். இரண்டுக்கும் பொறுப்பு அவள். ஆலையில் யாருக்கும் அவள் பெயர் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்டீமக்கா.

அவள் போய் ஐந்து வாரம் ஆகிறது.

அவளை நினைக்கும்போது முகத்துக்கு முன் முன்னங்கை வருகிறது. வலது முன்னங்கையில் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு. அடுப்புக் கதவு தொட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அப்பா அதைக் காட்டி, "உங்கம்மாவுக்கு மொதல் புருஷன் பாய்லர்தான். நான் ரெண்டாவது," என்பார். அவர் தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சமையல் அவருடையது. அவள் திருப்பிச் சொல்வாள்: "அது ஒரு நாளும் உப்பு அதிகமாப் போட்டதில்ல."

அவள் கரியை எடையில் சொல்ல மாட்டாள். தள்ளுவண்டியில்தான் சொல்வாள். ஒரு வண்டி ஐம்பது கிலோ. வண்டி உள்ளே வரும்போதெல்லாம் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. மாலையில் கோடுகளை எண்ணி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். பல வருடம் நாளொன்றுக்கு ஐந்து டன் துணி, ஐம்பது வண்டி கரி. இந்த இரண்டு எண்களோடுதான் நான் வளர்ந்தேன்.

பிறகு ஊர் பெருத்தது. புதிதாக இரண்டு ஓட்டல், ஒரு ஆஸ்பத்திரி. முதலாளி கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டார். மின்சாரச் செலவு பாதிக்கு மேல் இறங்கியது. வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை வைத்தார். மிச்சமானதை அவர் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு இரண்டு டிரையர் வாங்கினார். நல்ல முதலாளி அப்படித்தான் செய்வார். ஆனால் டிரையர் நீராவி குடிக்கும், நீராவி கரி குடிக்கும். ஒரு வருடத்தில் ஏழு டன் துணி, அறுபத்திரண்டு வண்டி கரி.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ஆலைகள் எவ்வளவு எரிபொருள் எரிக்கின்றன, எவ்வளவு கரியமில வாயு விடுகின்றன என்று அளந்து அறிக்கை எழுதுவது என் தொழில். அம்மாவின் ஆலைக்கு அறிக்கை எழுதியதும் நான்தான். ஒரு கிலோ துணிக்கு எரியும் கரி பதினொரு சதவீதம் குறைந்துள்ளது என்று எழுதினேன். கணக்கு சரி. முதலாளி அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்.

அம்மா சாப்பாட்டு மேசையில் அந்த அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலால் வரியைத் தொட்டாள்.

"இது என்ன, பதினொண்ணு?"

"குறைஞ்சிருக்கும்மா. கிலோவுக்கு."

"கிலோவுக்கா? நான் பன்னெண்டு வண்டி கூடப் போட்டுத் தள்ளறேன். புகைபோக்கி வழியா போறது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

"மொத்தமா பாத்தா கூடியிருக்கு."

"அப்போ மொத்தமா பாத்து எழுதேன். உன்னை என்ன பாதி பாக்கவா படிக்க வச்சோம்?"

எனக்குக் கோபம் வந்தது. உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன். அவள் அறிக்கையை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க, ஆறிடும்," என்றார்.

அடுத்த வாரம் முதலாளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் பேசி முடித்தார். நான்கு மாதத்தில் ஆரம்பம். அதோடு சேர்த்து நாளொன்றுக்கு மொத்தம் எட்டு டன் துணி வரும், முப்பது பேருக்குப் புதிதாக வேலை. கூடவே மூன்றாவது பாய்லர் வாங்குவதாகச் சொன்னார். அம்மா அவர் அறைக்குப் போனாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"மூணாவது வேண்டாங்க."

"என்னக்கா சொல்றீங்க? ரெண்டே திணறுது. துணி வேண்டாம்னு திருப்பி அனுப்பவா?"

"துணி வரட்டும். முப்பது பேரும் வரட்டும். கரிதான் கூட வரக் கூடாது. நாலு மாசம் குடுங்க. ரெண்டாவதையே அணைச்சுக் காட்டறேன்."

முதலாளி சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டினார். "உங்க பொண்ணே எழுதிக் குடுத்திருக்காங்க, நாம நல்லாத்தான் போறோம்னு."

"அவ அரையும் குறையுமா எழுதிட்டா. திருத்திடுவா."

நான் தரையைப் பார்த்தேன். முதலாளி நாட்காட்டியை எடுத்தார். அதில் நாள் குறித்தார். பாய்லர் கம்பெனிக்கு உறுதி சொல்ல வேண்டிய தேதிக்கு முந்தின நாள், எட்டு டன் துணி, ஒரே ஒரு பாய்லர். நீராவியின் அழுத்தம் காட்டும் முள் ஆறுக்குக் கீழே இறங்கி, ஒரு வண்டித் துணி தாமதமானாலும் மூன்றாவது பாய்லர் வரும். அம்மாவுக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. மூன்றாவது வந்தால் அது இருபது வருடம் எரியும் என்று அவளுக்குத் தெரியும். பாய்லர் போட்டுவிட்டால் யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

அவள் முதலில் செய்தது, ஆலையைச் சுற்றி நடந்தது. மூன்று நாள் நடந்தாள். நான் வெப்பமானியோடு பின்னால் போனேன். இஸ்திரி உருளையிலும் டிரையரிலும் வேலை முடித்த நீராவி தொண்ணூறு டிகிரி வெந்நீராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. "நான் ஊட்டி வளக்கறேன், இவன் வாந்தி எடுக்கறான்," என்றாள். பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த இருபதாயிரம் லிட்டர் தொட்டியைச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரை அதில் விட்டோம். மதிய இடைவேளையில் மெஷின்கள் ஒரு மணி நேரம் நிற்கும். கூரையின் மின்சாரத்துக்கு அப்போது ஆள் இல்லை. அதைக் கொண்டு தொட்டியைச் சூடாக்க மின்கம்பிச் சுருள் வைத்தேன். சூடு தப்பாமலிருக்க என்ன சுற்றுவது என்று நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா கிழிந்த ஆஸ்பத்திரிப் போர்வைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாள். ஐந்து அடுக்கு. மேலே தகரம். தொட்டி காய்ச்சல் வந்தவன் போல உட்கார்ந்திருந்தது.

மிஞ்சியது துவைக்கும் பகுதி. அங்கே மேஸ்திரியின் ராஜ்ஜியம். அவருக்குக் கொதிமேஸ்திரி என்று பெயர். பன்னிரண்டு மெஷினிலும் நீராவி வால்வைத் திறந்து, தண்ணீர் கடகடவென்று கொதிக்கும் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. எழுபது டிகிரியே போதும்; அதற்குத் தொட்டியின் வெந்நீர் போதும், நீராவி வேண்டாம். ஆலையில் யாரும் வெப்பமானி வைத்துத் துவைத்ததில்லை; காது வைத்துத் துவைத்தார்கள்.

"எழுவதுல கிருமி சாகுமாக்கா? அது வெந்நீர்ல குளிச்சுட்டுக் கெளம்பிப் போகும்."

"தம்பி, நீங்க கொதிக்க வச்ச விரிப்பு ஒண்ணு, எழுவதுல துவைச்சது ஒண்ணு. ரெண்டையும் ஆஸ்பத்திரி லேபுக்கே அனுப்பறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன்."

முடிவு வந்தது. இரண்டிலும் கிருமி இல்லை. மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேபுல கண்ணாடி துடைச்சிருக்க மாட்டாங்க," என்றார். ஆனாலும் சரி என்றார்.

குறித்த நாள் மேகமாக விடிந்தது.

அம்மா வாசலில் நின்று மேலே பார்த்தாள். இரண்டாவது பாய்லர் முந்தின நாளே அணைக்கப்பட்டு ஆறிக் கிடந்தது. முதலாவது மட்டும் எரிந்தது. முள் ஏழில் நின்றது. முதலாளி பாய்லர் அறைக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி முள்ளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

எங்கள் திட்டம் வெயிலை நம்பியது. காலைத் துணி முடிந்து, மதிய இடைவேளைக்குப் பின் பார்த்தபோது தொட்டி ஐம்பத்தெட்டு டிகிரி. எழுபது இருக்க வேண்டியது. நான் எண்ணைச் சொன்னேன். ஆஸ்பத்திரித் துணிக்கு அது போதாது.

"ஓட்டல் மேசைவிரிப்புக்கு எவ்வளவு வேணும்?"

"ஐம்பது போதும்."

"அப்போ அதை மொதல்ல போடுங்க. திரைச்சீலை, சமையல்காரங்க உடுப்பு, எல்லாம் மொதல்ல. டிரையரும் உருளையும் ஓட ஓட வெந்நீர் திரும்பி வரும். தொட்டி தானா ஏறும். ஆஸ்பத்திரி சாயங்காலம்."

அந்த ஆலையில் இடைவேளைக்குப் பின் ஆஸ்பத்திரித் துணிதான் எப்போதும் முதலில் போகும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி தலையில் கைவைத்தார். பிறகு வண்டிகளைத் திருப்பச் சொன்னார். மூன்று மணிக்குத் தொட்டி அறுபத்தாறு. மூன்றரைக்கு எழுபது. ஆஸ்பத்திரித் துணி உள்ளே போனது.

நான்கு மணிக்கு முள் இறங்கியது. ஏழு. ஆறரை. இஸ்திரிப் பகுதியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "விரிப்பு ஈரமா வருது!" முதலாளி எழுந்து நின்றார். அம்மா அடுப்பைப் பார்த்தாள், தண்ணீர் அளவைப் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்தன. "எங்கேயோ குடிக்கறான்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஐம்பத்தேழு வயது. நான் பின்னால் ஓடினேன்.

துவைக்கும் பகுதிக்குள் நுழையும் முன்பே கேட்டது. கடகட. ஆறாவது மெஷின். மேஸ்திரியின் கை இன்னும் வால்வின் மேல் இருந்தது. தன் கையைத் தானே அப்போதுதான் பார்த்தவர் போல நின்றார்.

"அக்கா, சத்தியமா நான் தெறக்கலை. கை தெறந்துடுச்சு."

அம்மா வால்வை மூடினாள். ஸ்பேனரை எடுத்து அதன் திருகு சக்கரத்தைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். ஏழாவதுக்குப் போனாள். அதையும் கழற்றினாள். எட்டாவதில் ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. அவள் மூச்சு வாங்கியது. மேஸ்திரி அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். மீதி பத்தையும் அவரே கழற்றி, ஒரு வாளியில் போட்டு, பாய்லர் அறைக்குத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தார்.

"இந்தாங்க. வேணும்னா என் கையையும் கழட்டி இதுலயே போட்டு வையுங்க."

"கை வேணும் தம்பி. மூட்டை தூக்க ஆள் வேணாமா?"

முதலாளிதான் முதலில் சிரித்தார். முள் ஆறு புள்ளி இரண்டு வரை போய், அங்கே சற்று நின்று, ஏற ஆரம்பித்திருந்தது. ஆறுக்குக் கீழே போகவில்லை. இதை நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசித் துணி வண்டி வெளியே போனது. ஒன்றுகூடத் தாமதமில்லை. எட்டு டன் நாற்பது கிலோ. அம்மா சுவருக்குப் போய்க் கோடுகளை எண்ணினாள். நம்பாமல் என்னையும் எண்ணச் சொன்னாள். நாற்பத்திரண்டு. கூரையில் ஒரு தகடுகூட இல்லாத காலத்தில், ஐந்து டன் துவைத்தபோது, அது ஐம்பது.

துணி அறுபது சதவீதம் கூடியிருந்தது. கரி பதினாறு சதவீதம் குறைந்திருந்தது. கிலோவுக்கு அல்ல, மொத்தமாக. என் தொழிலில் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே அறிக்கையில் எழுதக் கிடைப்பவர்கள் அதிகம் இல்லை. நான் அன்றைக்கே எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "இப்பத்தான் முழுசாப் பாத்திருக்கே," என்றாள்.

துவைக்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், ஓட்டுநர்கள் எல்லோரும் பாய்லர் அறை வாசலில் கூடிவிட்டார்கள். யாரோ தட்டத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மேஸ்திரி வாளியை மேளமாக்கிக்கொண்டார். அம்மா முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாப் பல்லும் தெரிந்தது.

முதலாளி அங்கேயே நின்று பாய்லர் கம்பெனிக்குப் போன் செய்தார். வேண்டாம் என்று ஒரே வார்த்தை. வைத்துவிட்டு, ஆறிக்கிடந்த இரண்டாவது பாய்லரைக் காட்டினார்.

"இதை என்னக்கா பண்றது? கழட்டி வித்துடலாமா?"

"இருக்கட்டுங்க. ஒரு அவசரத்துக்கு."

"அவசரம் வருமா?"

"நான் இருக்கற வரைக்கும் வராது."

வரவில்லை. எட்டு மாதம் கழித்து, சேர்ந்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, அவள் முன்கூட்டியே வீட்டில் இருக்கத் தொடங்கினாள். அப்போதும் வரவில்லை. அதன் பின் ஐந்து மாதம்தான் இருந்தாள். அவள் போன அன்று ஆலை நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காத்திருக்காது. மேஸ்திரி இரவு வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "ஒம்பது டன். நாப்பது வண்டி. ரெண்டாவதைத் தொடலை."

இரண்டாவது பாய்லர் அணைந்து இன்றோடு நானூற்று முப்பத்திரண்டு நாள். போன வாரம் போய்த் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.