பொள்ளாச்சி விலாசம்

அடுத்த வீட்டு அண்டாவை எட்டிப் பார்ப்பதுதான் மயிலாத்தாளின் வேலை. கேரளாவில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்கு நடுவில் கிடக்கிற அந்த ஊருக்கு அவள்தான் ஆஷா, அதாவது வீடு வீடாகப் போய் உடம்பு விசாரிக்கிற சுகாதாரப் பணியாளர். அங்கே குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் டிரம், தொட்டி, குண்டா என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்திருப்பார்கள். மயிலாத்தாள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். கொசுப்புழு நெளிந்தால் கவிழ்க்கச் சொல்வாள்.

"இருக்கற தண்ணியையும் கொட்டிப்போட்டு உன்ற ஊட்டுக்கா குடிக்க வாறது?" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, கொட்டவைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

இந்த வருஷம் மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. முதலில் செல்லாத்தாள் வீடு, அப்புறம் அந்த வரிசையே படுத்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, அடித்துப்போட்ட மாதிரி உடம்பு. டெங்குதான் என்று மயிலாத்தாளுக்குப் பட்டது. சுகாதார நிலையத்து மலையாளி நர்ஸ் ஷீனாவுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஊரே படுத்துக் கெடக்குதுங்க. புகை மருந்து அடிக்க ஆளனுப்போணுங்க."

ஷீனா நல்ல மனுஷிதான். "சேச்சி, நான் நம்பறேன். பட்சே டெஸ்ட் ரிசல்ட்டில் உங்க வார்டு ஒண்ணுகூட இல்லல்லோ. வாயால சொன்னா மேலே யாரும் எடுக்க மாட்டாங்க."

எப்படி இருக்கும்? காய்ச்சல் என்றால் அத்தனை பேரும் பஸ் ஏறுவது பொள்ளாச்சிக்கு. அங்கேதான் டாக்டரிடம் தமிழில் வாய்விட்டு வலியைச் சொல்லலாம். கொரோனாவில் எல்லையை அடைத்தபோது, கேரளா என்று சொன்னவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு ஆளுக்கொரு பொள்ளாச்சிச் சொந்தக்காரர் விலாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தடுப்பை எடுத்து எத்தனையோ நாளாகிவிட்டது, வாய் மட்டும் மாறவில்லை. ஆக, படுப்பது இங்கே, கணக்கில் ஏறுவது அங்கே.

மயிலாத்தாள் வீடு வீடாகக் கெஞ்சினாள். "ஏனுங், ஒரே ஒருக்கா நம்மூர்ப் பேரைச் சொல்லுங்க."

"சொல்லி, வாசல்லயே நிறுத்திப்போட்டான்னா? நீ வந்து வைத்தியம் பாப்பியா?" என்றாள் செல்லாத்தாள். மயிலாத்தாள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

அவள் இப்படித் தவித்ததற்குக் காரணம் மகள் யோகப்பிரியா. கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டிய மாதம். "கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டுமுங்க" என்று மயிலாத்தாள் சொல்லிப் பார்த்தாள். சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள்: "பெத்த மகளைக் கூப்பிட மனசில்லீங்களா?" அதைக் கேட்டதும் மயிலாத்தாளின் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்திக்கு மானம் போயிற்று. பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு அழைக்கிற கட்டுச்சோற்று விருந்து முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டி வந்துவிட்டார்.

மயிலாத்தாள் பகலிலும் கொசுவலையைக் கட்டினாள். தன் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் திறந்து வைக்கவில்லை. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தோப்புக்காரருடைய பெரிய சிமெண்டுத் தொட்டி வானம் பார்த்துக் கிடந்தது. அதை அவளா கவிழ்க்க முடியும்? தோப்புக்காரர் போனை எடுக்கவே இல்லை.

யோகப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கர்ப்பம் உண்டான நாள் முதல் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா இருப்பது பொள்ளாச்சியில். காரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள், "எந்த ஊருங்க?"

மகளின் தலை மயிலாத்தாளின் தோளில் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கெஞ்சிய சொல் அவள் நாக்கு வரைக்கும் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டால்?

"பொள்ளாச்சிதானுங்க," என்றாள். தம்பி பூபதிராஜாவின் வீதிப் பெயரும் கதவு எண்ணும் தடங்கலில்லாமல் வந்தன.

மகளுக்கு டிரிப்ஸ் ஏறத் தொடங்கியதும் மனசு அறுத்தது. திரும்பிப் போய் விலாசத்தை மாற்றச் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல ஏத்தி மேலே அனுப்பியாச்சுங்கம்மா," என்று அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போயிற்று. "ரெண்டு உயிரு, நாளைக்குத்தான் சொல்ல முடியும்," என்றார் டாக்டரம்மா. மயிலாத்தாள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் டாக்டரம்மா அதையேதான் சொன்னார். அன்றைக்குத் தம்பி பூபதிராஜா போன் செய்தான். "அக்கா, எங்க வீதியில திடீர்னு வந்து புகை அடிக்கறாங்க. இங்க ஒருத்தருக்கும் காச்சலே இல்லீங்களே. யோகா எப்படி இருக்கறா?" மயிலாத்தாளுக்கு அழுகையாய் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷீனா கூப்பிட்டாள், வாராவாரம் கேட்பதைக் கேட்க. "சேச்சி, இந்த வாரம் காய்ச்சல் யாருக்காவது?"

"என்ற மகளுக்குங்க."

"அய்யோ. டெஸ்ட் எடுத்தாச்சா? எந்த அட்ரஸ் கொடுத்தீங்க?"

மயிலாத்தாள் சொன்னாள்.

"அப்போ நம்ம வார்டுக்கு," ஷீனா மெதுவாகக் கேட்டாள், "இந்த வாரமும் ஒண்ணும் இல்லன்னு எழுதட்டே?"

"எழுதிக்குங்க," என்றாள் மயிலாத்தாள்.