அறுந்த களிமண்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘குழி மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? அணுமின் நிலையம் கட்டப்போகும் இடத்தில் பூமிக்கடியில் பிளவு இருக்கிறதா, இருந்தால் செத்ததா, இன்னும் அசையக்கூடியதா என்று பார்ப்பது அவள் வேலை. அதற்காக ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டி, உள்ளே இறங்கி, மண்சுவரைச் சுரண்டிச் சுரண்டியே பாதி ஆயுசு போயிருந்தது.

அந்த முறை வெட்டிய பள்ளத்தில் பிளவு பளிச்சென்று தெரிந்தது. கீழே சரளைக்கல் அடுக்கு முறிந்து, ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே கறுப்புக் களிமண்; பூமியின் வயதுக்கு அது நேற்றுப் படிந்தது. அதுவும் அறுந்து இறங்கியிருந்தது. களிமண் படிந்த பிறகும் பிளவு அசைந்திருக்கிறது என்றால், இனியும் அசையும். அதன் மேல் அணு உலையை வைக்கக் கூடாது. இதில் பேச ஒன்றுமில்லை.

தலைமை அதிகாரிக்குப் பேச நிறைய இருந்தது. ஷூவில் மண் படாமல் விளிம்பில் நின்றுகொண்டு சொன்னார்: “பிளவு சரளையோட நின்னுடுச்சுன்னு எழுதிடுங்களேன். களிமண்ணு காய்ஞ்சாலே வெடிக்கும். இதைப் போய்ப் பெருசு பண்றீங்க.”

“காய்ஞ்ச வெடிப்புல ஒரு பக்கம் மட்டும் கீழ இறங்குமா சார்? வந்து கையை வெச்சுப் பாருங்க.”

“எனக்கு முட்டி வலி” என்று கிளம்பிவிட்டார்.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால் தம்பி உட்கார்ந்திருந்தான். அதே திட்டத்தில் நில அளவையாளர். வேலையை நம்பிக் குடும்பத்தையே இங்கே கூட்டி வந்திருந்தான்.

“படத்துல போடற ஒரு கோடுதானேக்கா? கொஞ்சம் கீழ நிறுத்தினா உனக்கென்ன குறைஞ்சு போகுது? எங்க பொழப்புல மண்ணைப் போடாத.”

“பூமி ஆடி உலைக்கு ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல அடிபடறது உன் புள்ளைங்கடா! மூளையைக் கழட்டி வெச்சுட்டு வந்தியா?”

காபியைத் தொடாமல் எழுந்து போனான்.

இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல நிபுணர் குழு வரும் நாளன்று காலையில் போனாள். பள்ளத்தைக் காணோம். மட்டமாக மூடி, மேலே பொக்லைன் நின்றுகொண்டிருந்தது.

“மாடு கீடு விழுந்துடும்னு மூடச் சொன்னேன்” என்றார் அதிகாரி. “போட்டோ இருக்கே, அது போதாதா?”

“எந்த மாட்டைச் சொல்றீங்க சார்?” அவள் போட்ட சத்தத்தில் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் அப்படியே நின்றார்கள். “உண்மையைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க? போட்டோவைக் காட்டி அனுப்பவா கூப்பிட்டீங்க? பக்கத்துலயே புதுசா வெட்டச் சொல்லுங்க. வெட்டற வரைக்கும் இங்கிருந்து ஒருத்தரும் நகரக் கூடாது!”

குழுத் தலைவி ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கைப்பையைக் கழற்றி மண்மேட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “வெட்டட்டும். நாங்க இருக்கோம்.”

பொக்லைன் உறுமியது. மதியத்துக்கு மேல் தலைவி ஏணி வைத்து இறங்கினார். அறுந்த களிமண்ணில் விரலை வைத்து, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை இழுத்துப் பார்த்தார். “இந்த இடம் வேண்டாம்” என்றார்.

இடம் கைவிடப்பட்டது. ‘பாதுகாப்பு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை’ என்று தலைமை அதிகாரி பேட்டி கொடுத்தார். படத்தோடு வந்த அந்தப் பத்திரிகையை அவள் சுக்குநூறாகக் கிழித்தாள். தம்பி மாற்றலாகிப் போனான், சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை.

“நீயே ஒரு வார்த்தை பேசேன்” என்றார் கணவர்.

“நான் எதுக்குப் பேசணும்? அவன் புள்ளைங்களுக்கும் சேர்த்துத்தானே கத்தினேன்!” என்றாள். சொல்லும்போதே அவன் தொடாமல் விட்டுப்போன காபி கண்ணில் நின்றது. அதற்கும் கோபம்தான் வந்தது.