மூன்றாவது கியரில் ஒரு சத்தம்

கீழ்க்கட்டளையில் நான் ஷெட் எடுத்த முதல் மாதம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஸ்கூட்டர்கள். வாசலில் கார் படம் போட்ட போர்டு இருந்தது. 'பெட்ரோல் கார் என்ஜின் டியூனிங், இழுவைக் குறைபாடு, சத்தம் மட்டும்' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த 'மட்டும்' யார் கண்ணிலும் படவில்லை. பஞ்சர் போடுவீங்களா என்று கேட்டார்கள். வாட்டர் வாஷ் உண்டா என்று கேட்டார்கள். ஷெட்டின் சொந்தக்காரர், ஒரு காலத்தில் அதே இடத்தில் நெல் போட்ட குடும்பம், தன் வீட்டு போர்வெல் மோட்டாரை ஆள் வைத்துத் தூக்கிவந்து என் பெஞ்சில் இறக்கிவிட்டு, இதுவும் மோட்டார்தானே என்றார். வாடகைக்கு இருப்பவன் என்ன சொல்ல முடியும்? பிரித்துப் பார்த்து, சரிபண்ணிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவருடைய மச்சான் வீட்டு மோட்டாரும் வந்தது.

அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்தேன். கடைசி எட்டு வருஷம் ரோடு டெஸ்ட் என் பொறுப்பு. யாருக்கும் பிடிபடாத சத்தம் என்றால் சாவி என் கைக்கு வந்துவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இடது பக்கம் இன்ன பாகம் என்று சொல்வேன். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெயரை நம்பித்தான் வேலையை விட்டேன். என்னோடு ஒரு ஃபிட்டரும் விட்டுவிட்டு வந்தார். பம்மல்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், எடுத்த வேலையைப் பிசிறில்லாமல் முடிப்பவர். பேச்சுதான் குறைவு. நான் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். அதை அவருடைய நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது மாதம் கார்கள் வர ஆரம்பித்தன. வந்ததில் பலர் மேடவாக்கம் பக்கத்துக் காலேஜ் பையன்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கவேண்டும், அதற்கு டியூன் பண்ணித் தர முடியுமா என்பார்கள். அதனால் என்ஜினுக்கு என்ன ஆகும் என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எவ்வளவு நாளாகும் சார் என்பார்கள். பத்தொன்பது வருஷம் சத்தத்தை நிறுத்தப் படித்தவனிடம் சத்தம் போடக் கேட்டு வந்து நின்றார்கள்.

இப்படி எரிச்சலில் இருந்த நேரத்தில்தான் அஸ்தினாபுரத்திலிருந்து அந்த டீச்சர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். ஏழு வருஷம் ஓடிய சின்னக் கார், ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார். மூன்றாவது கியரில், நாற்பது ஐம்பதில் போகும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது, கொசு காதோரம் வருகிற மாதிரி மெல்லிய சத்தம், வண்டி எடுத்துப் பத்து நிமிஷம் கழித்துதான் ஆரம்பிக்கும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போர்டில் எழுதிய வேலைக்கு ஒருவராவது வந்தாரே.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரேடியல் ரோட்டில் ஓட்டினேன். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை நிறுத்தி, மே மாத வெயிலில் இருவரும் வேர்த்து வழிந்துகொண்டு போனோம். "இதோ, இப்ப வருது சார்" என்றார். டயர் ஓடுகிற ஓசை வந்தது, பக்கத்து லாரியின் இரைச்சல் வந்தது. வேறு எதுவும் இல்லை. ஷெட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, ஃபிட்டரை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லி, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். பிறகு நானும் ஃபிட்டரும் இடம் மாறிப் பார்த்தோம். எல்லாம் சுத்தம், ஒன்றும் இல்லை என்றேன். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. காற்றுப் பட்டு அதுதான் கத்தியிருக்கும் என்று அதை மாற்றி அனுப்பிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். சத்தம் அப்படியே இருக்கிறதாம். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தேன், ஒரு குறையும் காட்டவில்லை. என்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றி மாட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை ஒரு கோடு போட்ட தாளோடு வந்தார். சத்தம் வந்த இடம், வேகம், கியர், ஏ.சி. ஓடியதா இல்லையா என்று பத்துப் பதினைந்து வரி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவரின் அழகான கையெழுத்தில். பல்லாவரம் பாலம் ஏறும்போது, மூன்றாவது கியர், நாற்பத்திரண்டு. அவர் போனபிறகு அந்தத் தாளை ஃபிட்டரிடம் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது சனிக்கிழமை அவர் கார் வாசலில் திரும்பும்போதே எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. அன்று ஏற்கெனவே ஒருவர் வாட்டர் வாஷ் கேட்டு வாக்குவாதம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். டீச்சர் ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க அதையே நினைச்சுக்கிட்டு ஓட்டுறீங்க, அதான் உங்களுக்குக் கேக்குது."

அவர், "போர்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போதே பின்னாடி எந்தப் பெஞ்சுல எவன் பேசுறான்னு திரும்பாம சொல்லுவேன் சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு தொல்லை ஒழிந்தது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

ஜூலையில் ஒருநாள் சாயங்காலம், நல்ல மழை, போன் வந்தது. டீச்சர்தான். ரேடியல் ரோட்டில் நிற்கிறேன், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, சூட்டு முள் மேலே போனதும் ஓரம் கட்டிவிட்டேன் என்றார். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: புது ஆளிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லையாம். ஃபிட்டரின் பைக்கில் இருவரும் நனைந்துகொண்டே போனோம்.

பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. என்ஜினின் பக்கவாட்டில் ஓடி, சூடு தணிக்கும் தண்ணீர் பம்பைச் சுற்றிவிடும் பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்க ஒரு சின்ன உருளை உண்டு. அதன் பேரிங் இறுகி, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இது ஒரே நாளில் ஆகிற வேலை இல்லை. உள்ளே கிரீஸ் வற்ற ஆரம்பித்ததும் முதலில் மெல்லிசாகக் கத்தும். மாதக்கணக்கில் கத்திவிட்டுத்தான் ஒருநாள் இறுகும். டீச்சர் குடையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கேர்ந்துதான் வந்துகினு இருந்துது" என்றார் ஃபிட்டர், உருளையைத் தொட்டுக்கொண்டே.

என்ன வந்தது என்று கேட்டேன்.

"டீச்சர் சொன்ன சத்தம்ணா."

"உனக்குக் கேட்டுச்சா?"

"மொத நாள்லேர்ந்து கேக்குது. நீங்க இல்லன்னு சொல்ட்டீங்க. அதான் வுட்டுட்டேன்."

டீச்சருக்கு இது காதில் விழாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அவர் வண்டி எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஃபிட்டர்மீது பாய்ந்தேன். இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாயா, நடு ரோட்டில் அந்தம்மா வண்டி பெரிய லாரிக்கு முன்னால் நின்றிருந்தால் யார் பதில் சொல்வது, என்னை நம்பி வந்தாயே இதற்குத்தானா என்று என்னென்னவோ கேட்டேன். ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், நான் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் துணி மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். ஃபிட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுவிட்டு, பின்பக்கம் போய் வாஷிங் மெஷினில் ஏதோ பட்டனை அழுத்தினாள். "இப்ப என்ன கேக்குது?" என்றாள். தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்றேன். பட்டனை அழுத்தினாலும் துணி துவைத்து முடிந்தாலும் அந்த மெஷின் பீப் பீப் என்று அடிக்குமாம். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நான் துணி காயப்போட எழுந்திருக்கக் கூடாது என்று காதில் விழாத மாதிரி நடிக்கிறேன் என்று இரண்டு வருஷமாக மனதுக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாளாம். மெஷினுக்கு ஒரு அடி தூரத்தில் நின்று மறுபடி அழுத்தச் சொன்னேன். அவள் விரல் பட்டனில் படுவது தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

குரோம்பேட்டையில் காது டெஸ்ட் செய்யும் இடத்துக்கு அவள்தான் அழைத்துப் போனாள். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, ஓசை கேட்டால் அழுத்துங்கள் என்றார்கள். கேட்டபோதெல்லாம் அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். டெஸ்ட் செய்யும் பெண் மும்முரமாக எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் காட்டிய டெஸ்ட் தாளில் கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு படியிலிருந்து தவறி விழுந்த மாதிரி கீழே போயிருந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நட்டு கழற்றும் காற்று கன், கம்ப்ரஸர், கிரைண்டர் பக்கத்தில் காதை மூடிக்கொள்வதுண்டா என்றார். இல்லை. எத்தனை வருஷம்? சொன்னேன். தடித்த ஓசைகள் எல்லாம் நன்றாகக் கேட்கும், மெல்லிய கீச்சு ஓசைகள்தான் போய்விட்டன, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார். வேலை நேரத்தில் காதை அடைத்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரத்தில் காதில் கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். அதாவது சத்தம் கண்டுபிடிப்பது என் தொழில், அந்தத் தொழில் செய்யும்போது காதை மூடிக்கொள்ள வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. என் மனைவியும் சிரிக்கவில்லை.

டீச்சர் வண்டியை எடுக்க வந்தபோது பெல்ட் மாற்றியாயிற்று, உருளை மாற்றியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். ஃபிட்டர் ஷெட்டின் மறுமூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் தாளை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தேன்.

"உங்களுக்குக் கேட்டது நிஜம் மேடம். எனக்குத்தான் கேக்கல."

அறிவியல் டீச்சர் அல்லவா, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போய், அது விழுந்த இடத்தில் நிறுத்தினார். ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இறுகியது.

"நாலு சனிக்கிழமை சார். வீட்டுக்காரரும் ஒண்ணும் கேக்கலன்னுட்டாரு. எனக்கே என் மேல சந்தேகம் வந்து, ராத்திரி தூக்கத்துல கூட அந்தச் சத்தம் வருதான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். டாக்டர்கிட்ட போகலாமான்னு யோசிச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்தார். மன்னித்ததாகவோ இல்லையென்றோ அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் வருகிறார், ஆயில் மாற்ற மட்டும். ஆனால் அவருடைய பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஐந்து டீச்சர்கள் வந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு சத்தத்தோடு. வரும்போதே என்னைத் தாண்டி ஃபிட்டர் எங்கே என்று பார்க்கிறார்கள். என்ன சொல்லி அனுப்புகிறார் என்று ஊகிக்கலாம்.

இப்போது ரோடு டெஸ்டுக்கு ஃபிட்டர் இல்லாமல் நான் போவதில்லை. நான் ஓட்டுகிறேன், அவர் கேட்கிறார். இது எழுதுகிற அளவுக்குச் சுலபம் இல்லை. இத்தனை வருஷமாகக் கையால் மட்டுமே பேசியவருக்கு ஒரு சத்தத்தை வாயால் சொல்ல வரவில்லை. "ஒரு மாரி கீதுண்ணா" என்பார். எந்த மாதிரி? "அதான், ஒரு மாரி." பாத்திரம் உரசுகிற மாதிரியா, காற்று ஊதுகிற மாதிரியா, பல்லியா, கொசுவா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்ட, அதற்குள் பாலமே இறங்கிவிடும். பாகங்களில் கவ்வவைத்து சத்தத்தைப் பதிவுசெய்யும் மைக் ஒன்று வாங்கினேன். அது போன் திரையில் கோடுகளாகக் காட்டும், எனக்குக் கண்ணுக்காவது தெரியும். ஆனால் மைக்கை எங்கே கவ்வவைப்பது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டுமே. மறுபடி அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. காதுக் கருவியும் வாங்கிவிட்டேன். அதை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தால் கம்ப்ரஸர் மண்டைக்குள் ஓடுகிறது. பெட்டிக்குள்ளேயே பாதி நாள் கிடக்கிறது. மனைவி கேட்டால் மாட்டியிருக்கிறேன் என்கிறேன். அவள் மெஷின் பட்டனை அழுத்திப் பார்க்கிறாள்.

போன வாரம் திருமுடிவாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர். காரில் ஏதோ கிறீச்சிடுகிறது என்றார். அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினோம். பல்லாவரம் தாண்டியதும் ஃபிட்டர் விரலைத் தூக்கினார்.

"வருதுண்ணா."

எங்கேயிருந்து என்று கேட்டேன். முன்னாடி என்றார். இடதா, வலதா? அவர் கண்ணை மூடி யோசித்தார். பின்னாலிருந்து வண்டிக்காரர், இடது பக்கம்தான் சார் என்றார். ஃபிட்டர், இல்லை வலது என்றார். இரண்டு பேரும் என் காதருகே கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு டயர் ஓடுவது கேட்டது, இவர்கள் இருவர் குரலும் கேட்டது, அவ்வளவுதான். "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பி, மறுபடி அதே ரோட்டில் நாற்பதில் விட்டேன்.