என் அட்டையில் கடலுக்குப் போனவன்

அந்தக் கூட்டத்துக்கு நான் போயிருக்கவே கூடாது. போனதோடு நிற்காமல் எழுந்து பேசியிருக்கவும் கூடாது. எங்கள் சந்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கடலுக்குப் போனவன் நான் ஒருவன்தான். அதனால் மீனவர் சங்கத்தில் மனு எழுதுவது, அதிகாரிகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தன. விழுந்தன என்று பெருமைக்குச் சொல்கிறேன். நானேதான் தலையை நீட்டினேன்.

ராயபுரத்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு என் சிநேகிதன் வீடு. ஒரே கோயிலில் ஞானஸ்நானம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியாரிடம் உதை. கடலோரப் பாதுகாப்புக்காக மீனவர்கள் எல்லோருக்கும் கைரேகை எடுத்து அடையாள அட்டை கொடுத்தபோது, அவனுக்கு மட்டும் அட்டை வரவில்லை. வலைக்கயிறும் ஐஸும் அவன் விரல் நுனிகளைத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தன. மூன்று முகாமுக்குப் போனான். மூன்றிலும் இயந்திரம் மறுபடி வை, மறுபடி வை என்றே சொன்னது.

"ஆபீஸ்ல குந்திகினு கீறவன் கைய வெச்சா டக்குனு எடுக்குது மாமு. வேலை செய்றவன் கைன்னா அதுக்குப் புடிக்கல" என்று சிரித்தான். அட்டை இல்லாததால், ஆழ்கடலுக்குப் போகும் பெரிய விசைப்படகான லாஞ்சில் ஏற முடியாமல், கரையோரமாகப் போய்வரும் ஃபைபர் படகில் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

எங்கள் லாஞ்சுகளில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறேன் என்று சொன்னவனால் வர முடியாமல் போனால், அவனே தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். ஆள் குறைந்தால் லாஞ்சு நிற்கும், அத்தனை வீட்டு அடுப்பும் நிற்கும். அட்டை வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. ஆளோடு அட்டையும் சேர்ந்து போக ஆரம்பித்தது, அவ்வளவுதான். அட்டைப் படத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம், பேயடித்த முகம். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மழைக்கோட்டை இரவல் கொடுப்பதுபோல் அட்டையைக் கொடுத்து வாங்கினோம். தப்பு என்று யாருக்கும் உறைக்கவே இல்லை.

கடல் பாதுகாப்பில் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு பற்றித் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்று சங்கத்துக்குக் கடிதம் வந்தது. எங்கள் லாஞ்சு பத்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கக் கிளம்ப இருந்த நேரம். போனால் கூட்டம் போய்விடும். அவன்தான் வழி சொன்னான்.

"நீ போய் பேசிட்டு வா மாமு. நம்மாளுங்கள்ல ஆபீசரு எதுர்ல வாய தொறக்கறவன் நீ ஒர்த்தன்தான். உன் கார்ட குடு, நா லாஞ்சுல போறேன். நைனாவ மட்டும் கொஞ்சம் பாத்துக்க."

அவன் அப்பாவுக்கு அப்போதே மூச்சிரைப்பு முற்றிப் படுத்த படுக்கை. பையன் வரும்வரை ஒருவாய் கஞ்சிகூட ஒழுங்காக இறங்காது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அட்டையைக் கொடுத்தேன்.

கூட்டத்தில் எல்லோருக்கும் தொப்பி கொடுத்தார்கள். இலங்கையிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி நல்ல தமிழில் பேசினார். "உங்கள் படகு பழுதாகி எங்கள் பக்கம் வந்தால் அது எதிரியின் படகு அல்ல. நாங்கள் கரை சேர்ப்போம், உங்கள் அரசுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவோம். பெயரும் ஆளும் ஒத்திருந்தால் போதும், உடனே வீடு வரலாம். இந்த ஏற்பாடு நிற்பது அந்த அட்டையை நாங்கள் நம்புவதால்தான்" என்றார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எழுந்து மைக்கை வாங்கினேன். எங்கள் ஆட்கள் சொந்த அட்டை இல்லாமல் கடலில் கால் வைப்பதில்லை என்றேன். மண்டபமே கைதட்டியது. அந்த நிமிஷம் என் அட்டை நடுக்கடலில் அவன் சட்டைப் பையில் இருந்தது. அது எனக்கு ஞாபகம்கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்து லாஞ்சோடு தொடர்பு அறுந்தது. இன்ஜின் நின்றுபோய், வடகிழக்குப் பருவத்து நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான்காம் நாள் செய்தி வந்தது. இலங்கைக் கடற்படை கண்டுபிடித்து இழுத்துப்போய்க் கரை சேர்த்திருக்கிறது. எல்லோரும் உயிரோடு. அந்த அதிகாரி சொன்ன சொல் அப்படியே நடந்தது. கூட்டம் போட்டுத் தொப்பி கொடுப்பதோடு சரி என்று அதுவரை நினைத்திருந்தவர்கள்கூட அந்த ஏற்பாட்டை மெச்சினார்கள். பெயர்ப்பட்டியல் மறுநாளே வந்துவிட்டது. அதில் என் பெயரும் இருந்தது.

மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ஃபோன் செய்தார். "நீங்க அங்க இருக்கீங்கன்னு லிஸ்ட் வந்திருக்கு. இங்க ஃபோன எடுக்கறது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா. நாளைக்கு வந்து எழுத்தில் கொடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

லாஞ்சு ஓனர் வீட்டில் கூடினோம். அட்டையை இரவல் கொடுத்தேன் என்று நான் எழுதினால் என் அட்டை ரத்தாகும், லாஞ்சின் உரிமமும் போகும், மற்றவர்கள் அட்டைகளையும் தோண்டுவார்கள் என்றார் ஓனர்.

"தொலஞ்சு பூட்ச்சுன்னு எய்திக் குடுப்பா. ரெண்டு நாள் வெசாரிச்சிட்டு அவனையும் அனுப்பிடுவாங்கோ. இன்னாத்துக்கு எல்லார் சோத்துலயும் மண்ணு?"

எழுதினேன். என் அட்டை சில மாதங்களுக்கு முன்பே தொலைந்துவிட்டது, யாரிடம் இருக்கிறது என்று தெரியாது என்று அழகான கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு வரி அவனை என்னவாக ஆக்கும் என்று யோசிக்க எனக்கு மூளை இருந்தது. பயத்தில் யோசிக்கவில்லை. தொலைந்துபோன அட்டையோடு, வேறொருவன் பெயரில், எல்லை தாண்டி வந்த ஆள். கைரேகை வைத்துப் பார்க்கலாம் என்றால் விரலில் ரேகையே இல்லை. இப்படிப்பட்டவனைப் பிடிக்கத்தானே இரண்டு அரசும் உட்கார்ந்து அந்த ஏற்பாட்டைச் செய்தன.

மற்றவர்கள் எல்லோரும் இரண்டு வாரத்தில் வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. அவன் பெண்டாட்டி என் வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாரும் வந்துட்டாங்கோ. அவுரு மட்டும் இன்னாண்ணா பண்ணாரு? உங்க கார்டுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா உடமாட்டாங்களா?"

"சொல்லிகினுதாம்மா கீறேன்" என்றேன். சீ, என்ன பிறவி நான். ஒவ்வொரு வாரமும் அலுவலகத்துக்குப் போகத்தான் செய்தேன், விசாரிக்க. உண்மையைச் சொல்ல அல்ல. ஒருநாள் அந்த அம்மா, நீங்கள் எழுதிக் கொடுத்ததில் மாற்றம் ஏதாவது உண்டா, பொய்யாக எழுதிக் கொடுத்தால் வழக்கு வரும், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அவர் கதவைத் திறந்துதான் விட்டார் என்று இப்போது புரிகிறது. மாற்றம் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அவன் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போவேன். கண்ணை மூடியபடியே, பையன் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறான் என்று கேட்பார். வந்துகினே கீறான் நைனா என்பேன். தவக்காலம் தொடங்கிய வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். இருப்பது ஒரே மகன். கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போட ஆள் இல்லை. அண்ணன் தம்பி மாதிரி வளர்ந்தவன், நீ போடு என்று பெரியவர்கள் என்னைத் தள்ளினார்கள். போட்டேன். அவன் பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை தொலைந்தது என்று நான் எழுதிக் கொடுத்ததை லாஞ்சில் போய்வந்தவர்கள் யாராவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் வர இன்னும் மூன்று மாதம் ஆனது. பள்ளிச் சான்றிதழ், பங்குச் சாமியாரின் கடிதம், ஞானஸ்நானப் பதிவின் நகல் எல்லாம் அவள் அலைந்து வாங்கி அனுப்பினாள். அவை இரண்டு நாட்டு மேசைகளையும் தாண்டிப்போய்த்தான் அவனை விட்டார்கள். அடுத்தவன் அட்டையோடு எல்லை தாண்டியவன் என்று அவன் மேல் இருந்த குறிப்பு மட்டும் அழியவில்லை. அவனுக்கு இனி அட்டை கிடையாது, கடல் கிடையாது. எண்ணூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கிறான். எனக்குப் புது அட்டை கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் இன்னமும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இதைப் பற்றி அவனிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன். வந்த அன்றைக்கே அவன் நேராகக் கல்லறைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். அவன் அப்பாவின் மண்மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கார்டு தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவன் திரும்பவில்லை.

"தெரியும் மாமு. அந்த லெட்டரு நகல அங்க ஒரு ஆபீசரு காட்னாரு. உன் கையெய்த்து எனக்குத் தெரியாதா?"

"நீ இன்னா சொன்ன?"

"கீய கெடந்துச்சு, நாந்தான் எட்த்துகினேன்னு சொன்னேன்."

"ஏன்டா அப்டி சொன்ன? நெசத்த சொல்லியிருந்தா அப்பவே வுட்டுருப்பாங்களேடா."

அவன் புல்லைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"என் தோஸ்து பொய் எய்திக் குட்த்துட்டான்னு வேத்து நாட்டுக்காரங்ககிட்ட எப்டி மாமு சொல்வேன்?"