முதலில் விழித்த கணினி

இராமநாதபுரத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் மூன்று கணினிகள் இருந்தன. உள் அறையில் பரிசோதனை இயந்திரத்தோடு சேர்ந்தது ஒன்று. மாடிப்படிக்கு அடியில், எல்லா விவரங்களும் போய்ச் சேரும் சர்வர். முன்னறையில் முதலாளியின் மேசைமேல் மூன்றாவது. எனக்கென்று தனியாக ஒன்று கிடையாது. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய காலம் அது. கணினிப் படிப்பை முடித்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

கடலோரப் பண்ணைகளில் விடுவதற்காக வாங்கும் இறால் குஞ்சுகளில் வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் இருக்கிறதா என்று அங்கே பார்த்துச் சொல்வோம். குஞ்சுப் பண்ணையிலிருந்து மாதிரி வரும். உள் அறையில் ஓர் அக்கா அதை இயந்திரத்தில் வைப்பார். இயந்திரத்தின் மென்பொருள் முடிவைச் சர்வரில் எழுதும். அங்கிருந்து அதை எடுத்துச் சான்றிதழாக அச்சிடுவது முதலாளியின் கணினியில் இருந்த வேறொரு மென்பொருள். இரண்டையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒன்று சர்வருக்குள் நுழையப் பயன்படுத்திய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மற்றதற்குத் தெரியாது.

இணைப்புப் பிழை அங்கே அடிக்கடி வரும். பதறுவதற்கு எதுவும் இல்லை. எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிழைச் செய்தியை முழுதாகப் படிப்பேன். யாரும் படிப்பதில்லை, "சிவப்பா எழுத்து வருது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு கேபிள், மின்சாரம், முகவரி எண், கடைசியாகப் பாஸ்வேர்ட். பெரும்பாலும் கேபிளைத் தாண்ட வேண்டியிருக்காது. துடைப்பம் பட்டுக் கழன்றிருக்கும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரங்களையும் அணைத்து, ஒயர்களைக் கழற்றி, துடைத்துவைத்தோம். முதலாளி ஒவ்வொன்றுக்கும் தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஆண்டு முழுதும் அணைக்காத சர்வருக்கும் ஒரு சாமந்திச் சரம். கணினிகளுக்கு முகவரி எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் சிறு நெட்வொர்க் பெட்டிக்கும் பொட்டு. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் நல்ல நேரம் வரும்வரை தொடக் கூடாது. கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டோம்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத் திறந்தார்கள். முதலாளி தன் கணினியை முதலில் போட்டார். நிறுவனத்தின் தலைவர் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள். அடுத்து அக்கா, இயந்திரத்தின் கணினி. மாடிப்படிக்கு அடியில் இருந்த சர்வரை நான் கடைசியாகப் போட்டேன்.

அன்றைக்கு முதல் மாதிரி முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கணவன் மனைவி கொண்டுவந்தது. ஆடும் மிளகாயுமாக இருந்த குடும்பம். திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் இறால் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். விஜயதசமியன்றே குஞ்சு விட வேண்டும் என்பது கணவருடைய எண்ணம். அதனால் சான்றிதழ் வருமுன்பே, விடிகாலையில், குஞ்சுப் பண்ணைக்காரர்களிடம் சொல்லிக் குஞ்சுகளை ஆக்சிஜன் பைகளில் கட்டி வேனில் ஏற்றிவிட்டார். வேன் எங்கள் வாசலில் பூவரச மரத்து நிழலில் நின்றது. நல்ல நேரம் வரும்வரை இயந்திரம் ஓடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார். அவரும் நாள் பார்த்துத்தான் வந்திருந்தார்.

உச்சி வெயில் ஏறியது. வேன் ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஐஸெல்லாம் கரைஞ்சு தண்ணியா ஓடுது. இன்னும் எம்புட்டு நேரம்?"

"ஏலே, நான் என்ன மெசினுக்குள்ளயா உக்காந்திருக்கேன்? நெழலு நகருதுல்ல, வண்டிய நகட்டி நிப்பாட்டுலே."

அப்போது முதலாளி அச்சிடும் மென்பொருளைத் திறந்தார். புதுக் கணக்கின் முதல் சான்றிதழை அவர்தான் அச்சிடுவார். பூஜை முடிந்தால் மாதிரி எண்களும் ஒன்றிலிருந்து தொடங்கும். விவசாயியின் பெயரைத் தட்டினார், மாதிரி எண் ஒன்று என்று கொடுத்தார். தாள் வந்தது. வைரஸ் இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி இரண்டு கையாலும் நீட்டினார்.

"மொதப் பேப்பரு உங்களுக்குத்தான். நல்ல நாளும் அதுவுமா நல்ல சேதி."

விவசாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உள் அறையிலிருந்து அக்கா கூப்பிட்டார். "ஏத்தா, இங்கன வா. முடிவு வர மாட்டேங்குது. சிவப்பா எழுத்து நிக்குது, அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன்."

அந்த மென்பொருள் முடிவைச் சர்வரில் எழுதிய பிறகுதான் திரையில் காட்டும். எழுத முடியாவிட்டால் அப்படியே நின்றுவிடும். செய்தியைப் படித்தேன். இந்தப் பயனருக்கு நுழைய அனுமதி இல்லை என்றிருந்தது.

"அக்கா, காலையிலேருந்து எதுவுமே சேவ் ஆகலையா?"

"எங்க ஆச்சு? வந்ததுலேருந்து இதே கூத்துதான். சந்தனம் உள்ள கிள்ள போயிருச்சா?"

ஒன்றுகூடச் சேமிக்கப்படவில்லை என்றால் முன்னறையில் அச்சானது எதைப் படித்து அச்சானது? நான் முன்னறைக்குப் போனேன். விவசாயி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்குத் தாயி? பேரு தப்பா இருக்கா?"

"பேரு சரிதான். முடிவு உங்க குஞ்சோடதான்னு பாக்கணும்."

முதலாளி சிரித்தார். "என்னம்மா இது? நம்பர் போட்டு நானே எடுத்தேன்."

"நம்பர் நீங்க போட்டது சார். முடிவு எங்கேருந்து வந்துச்சு? உள்ள இன்னும் எதுவுமே ஏறல."

சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கைநீட்டிக் குடுத்த மொதப் பேப்பரத் திருப்பி வாங்குறதா? அடுத்த விஜயதசமி வரைக்கும் விளங்கினாப்புலதான்."

"வண்டியில உசுரு கெடந்து துடிக்குது" என்றார் விவசாயி. "நோய் இல்லன்னு அச்சுலயே போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? நாங்க கெளம்புறோம்."

"இருங்க." அவர் மனைவி எழுந்து வந்தார். தாளைக் கணவரின் கையிலிருந்து உருவினார். "போன தடவ நல்ல குஞ்சு, நான் பொறுப்புன்னு ஒருத்தன் சொன்னான். தலையாட்டிட்டு விட்டீங்க. பத்தே நாள்ல செத்து ஒதுங்குனதத் தின்ன கரை பூரா காக்கா. மறந்து போச்சா?"

"அதுக்காக? பாத்துக்கிட்டே இருந்தா பையிலேயே செத்துப்போகும்டி."

"செத்தா வண்டியில சாகட்டும். குளத்துல போயி எல்லாத்தையும் சாகடிக்க வேணாம்." தாளை என்னிடம் நீட்டினார். "பாப்பா, நீ பாத்துச் சொல்லு. வெரசாப் பாரு."

நான் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அனுமதி இல்லை என்ற செய்தியைப் பார்த்தால் பாஸ்வேர்டைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் அதை யாரும் மாற்றவில்லை. கேபிள் கழன்றிருந்தாலோ சர்வர் தூங்கியிருந்தாலோ, கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் செய்தி வரும். அனுமதி இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பக்கம் யாரோ இருந்தாக வேண்டும். கதவைத் திறந்து, ஆளைப் பார்த்து, உன்னைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அது நம் வீடுதானா என்று பார்க்க வேண்டும்.

சர்வரின் முகவரி எண்ணைப் பார்த்தேன். வழக்கமான எண் இல்லை, வேறு எண் இருந்தது. முன்னறைக்கு வந்து முதலாளியின் கணினியின் எண்ணைப் பார்த்தேன். சர்வரின் பழைய எண் அங்கே இருந்தது. இரண்டு மென்பொருள்களும் சர்வரைத் தேடிப் போவது அந்த எண்ணை வைத்துத்தான்.

நெட்வொர்க் பெட்டி மலிவானது. இரவு முழுதும் அணைத்து வைத்ததில் யாருக்கு எந்த எண் என்பதை மறந்திருந்தது. காலையில் யார் முதலில் விழித்தார்களோ அவர்களுக்கு முதல் எண்ணைக் கொடுத்துவிட்டது. மற்ற நாட்களில் சர்வர் தூங்குவதே இல்லை, அதனால் அந்த எண் அதனிடமே இருந்தது. அன்று முதலாளியின் கணினி முந்திக்கொண்டது.

அதோடு முடிந்திருந்தால் இரண்டு மென்பொருள்களும் பிழை காட்டி நின்றிருக்கும், யாருக்கும் எந்தத் தாளும் கிடைத்திருக்காது. ஆனால் முதலாளி அச்சிடப் பழகுவதற்காக, போன ஆண்டு விவரங்களின் நகல் ஒன்று அவர் கணினியிலேயே வைக்கப்பட்டிருந்தது. அச்சிடும் மென்பொருளின் பயனர் பெயர் அந்த நகலுக்குத் தெரியும். இயந்திரத்து மென்பொருளின் பெயர் தெரியாது. அதனால் ஒன்றை விரட்டியது, மற்றொன்றை உள்ளே விட்டது. மாதிரி எண் ஒன்று என்று கேட்டதும், போன விஜயதசமிக்கு முதலில் வந்த யாரோ ஒருவருடைய குஞ்சின் முடிவை எடுத்துக் கொடுத்துவிட்டது.

முதலாளியிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் இறால் படித்தவர், கணினி படித்தவர் அல்ல. ஆனாலும் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"அப்ப இது போன வருசத்துக் குஞ்சா?"

"ஆமா சார். உங்க கம்ப்யூட்டர நெட்வொர்க்கிலேருந்து எடுக்கணும்."

"அணைச்சிராதம்மா. இன்னைக்குப் போட்டது சாயங்காலம் வரைக்கும் ஓடணும்."

"அணைக்கல சார். ஒயரு மட்டும்தான்."

ஒயரை உருவினேன். சர்வருக்கு அதன் பழைய எண்ணை இனி யாரும் பறிக்க முடியாதபடி நிலையாக எழுதிவைத்தேன். முதலாளியின் கணினியில் இருந்த நகலை நிறுத்தி, வேறொரு எண் கொடுத்து, ஒயரைத் திரும்பச் செருகினேன். அதற்குள் ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். விவசாயி வெளியே போய் அவரைத் திட்டிவிட்டு வந்தார். மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப அமுக்குங்க."

"ஏறிருச்சு!" என்றார் அக்கா.

முதலாளி பெயரைத் தட்டினார், எண்ணைக் கொடுத்தார். இந்த முறை மஞ்சள் தடவவில்லை. தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வைரஸ் இல்லை. முன்பு வந்த அதே வார்த்தை, அதே இடத்தில்.

ஓட்டுநர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இதத்தான மொதல்லயே குடுத்தாக?"

"நான் சொன்னேன்ல" என்றார் முதலாளி. அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "கை ராசி எங்க போகும்?"

"மொதல்ல குடுத்தது வேற யாரோடதோ சார்."

"யாரோடதா இருந்தா என்னம்மா, இதுலயும் இல்ல, அதுலயும் இல்ல."

விவசாயி வெளியே போனார். வேனின் பின்கதவைத் திறந்து ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் செத்த குஞ்சுகள் வெண்மையாகப் படிந்திருந்தன. இன்னொன்றைத் தூக்கினார். அதிலும் கொஞ்சம்.

"நாங்க அப்பவே போயிருந்தா…" என்று தொடங்கினார்.

"அப்பவே போயிருந்தா எந்தப் பேப்பர நம்பிப் போயிருப்போம்?" என்றார் மனைவி. "ஏறுங்க."

முதலாளி என்னையும் அனுப்பினார். குளத்துத் தண்ணீரில் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. பைகளில் எவ்வளவு தேறுகிறது என்றும் பார்த்து வரச் சொன்னார். வேனின் முன்சீட்டில் நானும் அந்த அம்மாவும் நெருக்கி உட்கார்ந்தோம். விவசாயி பின்னால் பைகளுக்கு நடுவே.

"அது எப்படிப் பாப்பா தப்பா வந்துச்சு?" என்று வழியில் அந்த அம்மா கேட்டார்.

வீட்டு நம்பர் மாறிப்போனதால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார் என்றேன்.

"தெரியாத ஆளுன்னு சொல்லி அனுப்பிருக்க வேண்டியதுதான?"

"உள்ள இருந்த மெசினுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு. பேப்பர் அடிக்கிறது தெரிஞ்ச ஆளு, அதனால உக்கார வச்சு அவுக வீட்டுச் சோத்தப் போட்டு அனுப்பிருச்சு."

அவர் சிரித்தார். அன்றைக்கு அந்த ஒரு முறைதான்.

குளத்தில் பைகளைப் பிரிக்காமல் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். பைக்குள் இருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதும் செத்துவிடும். விவசாயிக்குப் பொறுக்கவில்லை. ஒரு பையின் கட்டை அவிழ்க்கப் போனார்.

"கைய எடுங்க" என்றார் மனைவி. "இம்புட்டு நேரம் இருந்தோம்."

நான் வரப்பில் குந்தி என் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். கடல் காற்றில் பைகள் ஒன்றோடொன்று உரசி ஒதுங்கின. அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, பைகளை மாற்றி மாற்றித் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரே முதல் பையை அவிழ்த்து வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் ஊற்றினார். கையை விட்டுத் தண்ணீரைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தார். உயிரில்லாததும் வலுவில்லாததும் சுழலோடு நடுவில் போய்ச் சேரும். வலுவுள்ளது சுழலை எதிர்த்து ஓரத்தில் நீந்தும். விவசாயி பேசினைப் பார்க்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பேசினின் நடுவில் வெண்மையாக ஒரு வட்டம் சேர்ந்தது. ஓரத்தில், முடியிழை போன்றவை, கண்ணை ஊன்றிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"எப்பிடி இருக்கு?" என்றார் விவசாயி.

"நடுவுல கெடக்குறது போச்சு." மனைவி குனிந்து இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஓரத்துல நெறைய ஓடுது. அடுத்த பையக் குடுங்க."